வந்த நேரம், போன நேரம்

நோர்ஃபோக், இங்கிலாந்து
18.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை பிரஷாந்தி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், கை கால் சுகம். நீங்களும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? மச்சானுக்கு சுகர் இறங்கியதா?

கடிதத்தைக் கண்டதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பயப்படாதீர்கள். துபாய் சிம் இங்கே வேலை செய்யவில்லை. வைஃபை நம்பர் கேட்டதற்கு, "நீ வேலைக்கு வந்தாயா, போன் பேச வந்தாயா?" என்றாள் மேடம். துபாய் சத்வாவில் நீங்கள் வேலை செய்யும் தையல் கடை போஸ்ட் பாக்ஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். அதனால் பேனாவை எடுத்தேன்.

மூன்று மாதம் லண்டன் என்றுதானே கூட்டிக்கொண்டு வந்தாள்? லண்டன் எந்தத் திசையில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. இது வயலும் மழையுமாக ஒரு கிராமம், மேடத்தின் அப்பா வீடு. அவருக்கு எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று வந்து இறங்கிய பிறகு சொன்னாள். பெரிய ஐயா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவருக்குப் பழைய சர்ச் பைத்தியம். இந்த மாவட்டத்தில் அறுநூறுக்கு மேல் இருக்கின்றனவாம், எல்லாம் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தியவை. அவர் பார்க்காமல் பாக்கி இருப்பது முப்பத்தொன்று. சாவதற்குள் அதையும் பார்த்துவிட வேண்டுமாம். செவ்வாயும் வெள்ளியும் டாக்சி வரும். அவர் பார்க்க, நான் தள்ள.

இன்று போன சர்ச்சின் கோபுரம் வட்டமாக இருந்தது, சின்னச் சின்னக் கருங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டியது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை, பித்தளைச் சாமானெல்லாம் அப்படியே இருந்தது. கதவோரம் மேசையில், மச்சானின் கம்பெனி கேம்ப் கேட்டில் வருகிறவர்கள் பேர் எழுதுவார்களே, அதே மாதிரி ஒரு புத்தகம், பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனைத்தான் காணோம். பெரிய ஐயா எழுதினார். அவருக்குக் கீழே நானும் பேர், ஊர், வந்த நேரம் எழுதினேன்.

முக்கியமான விஷயம். என் ஒப்பந்தம் மே மாதமே முடிந்துவிட்டது. இந்தப் பயணத்துக்காக மட்டும் விசாவை நீட்டுவதாகவும், செப்டம்பரில் ஊருக்கு அனுப்புவதாகவும் மேடம் உங்கள் முன்னால்தான் சொன்னாள். ஊரில் என் நாத்தனார், அவள் பொறுப்பில் நான் விட்டுவந்த என் மகள் சுகந்தாவைத் தீபாவளிக்குப் பிறகு கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு விடப் பேசிவிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது, அக்கா. என் மகள் இன்னொருத்தி வீட்டுக் கக்கூஸைக் கழுவவா நான் நாலு வருஷமாகக் கழுவுகிறேன்? தீபாவளிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். மேடத்தின் புருஷன்தானே மச்சானுக்கு மேனேஜர். மச்சானை விட்டு அவரிடம் என் டிக்கெட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் போடுங்கள்.

இப்படிக்கு
பிரஷாந்தி


ரோலா, சார்ஜா
05.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா சிவகொழுந்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள், உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

உன் கடிதத்தை முதலாளி நெய்னா முகம்மது கொண்டுவந்து கொடுத்தார். "உங்க தங்கச்சி இங்கிலாந்துலேர்ந்து எழுதுது, அதிர்ஷ்டக்காரி"ன்னு கடை முழுக்கச் சொல்லிவிட்டார். உண்மைதானே? இங்கே நாற்பத்தாறு டிகிரி. ரோலாவில் பஸ்ஸுக்கு நின்று சத்வா போய் இறங்குவதற்குள் பிளவுஸ் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. போனதும் ஸ்கூல் யூனிஃபார்ம், வந்ததும் சமையல். நீ மழை, கோபுரம் என்று எழுதுகிறாய், அதிலும் உனக்குக் குறை.

அந்தப் புத்தகத்தில் எழுதினது நல்ல காரியம். ஆனால் போன நேரத்தையும் போடு, அதை விட்டுவிடாதே. ஆள் இல்லாத இடம், நாளைக்கு ஒரு பித்தளை காணாமல் போனால் கறுத்தவள் தலையில்தான் விடியும். கேட்டில் ஐடி கேட்பார்களே, உன்னிடம் இல்லாவிட்டால் பாஸ்போர்ட் மேடத்திடம் இருக்கிறதென்று எழுதிவை. மேடம் பேரையும் எழுது. மறைக்க நமக்கு என்ன இருக்கிறது?

சுகந்தாவுக்கு நேற்றுப் போன் பண்ணினேன், நன்றாக இருக்கிறாள். மேடம் மனம் கோணாமல் நடந்துகொள்.

அன்புடன்
அக்கா


நோர்ஃபோக்
21.07.2024

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஸ்வெட்டர் இருக்கிறது, சளி இருக்கிறது, டிக்கெட் இல்லை. மறந்துவிட்டீர்களா, கேட்டு அவர் இல்லையென்றாரா? எதுவானாலும் எழுதலாமே.

நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு போன மூன்று சர்ச்சிலும் பெரிய எழுத்தில், இங்கிலீஷில்: பேர் பிரஷாந்தி, மேடம் பேர், பாஸ்போர்ட் மேடத்திடம், வந்த நேரம் பத்தேகால், போன நேரம் பதினொன்றரை. யாரைப் பார்க்க வந்தாய் என்ற கட்டம் இல்லை. இருந்தால் யாரை எழுதுவேன்?

வெள்ளிக்கிழமை ஒரு சர்ச்சில் மரத் தட்டி ஒன்றில் பன்னிரண்டு சாமியார்களை வரைந்திருந்தார்கள். சிவப்பும் பச்சையும் தங்கமுமாக உடுப்பெல்லாம் நேற்றுப் போட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு பேருக்கும் முகம் இல்லை. பழைய காலத்தில் ராஜா மாறியதும் ஆட்கள் உள்ளே புகுந்து கத்தியால் சுரண்டிவிட்டார்களாம். உடம்பை விட்டுவிட்டு முகத்தை மட்டும் சுரண்டியிருக்கிறார்கள். பெரிய ஐயா பெருமூச்சு விட்டார். எனக்கு ஏர்போர்ட் ஞாபகம் வந்தது. அங்கே வரிசையில் நின்றபோது மேடம் என் புதுப் பாஸ்போர்ட்டை ஐந்து நிமிஷம் என் கையில் தந்தாள். மார்ச்சில் கான்சுலேட்டில் அதை வாங்கியது நீங்கள், நேரே அவளிடம் கொடுத்ததும் நீங்கள். அதில் என் முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். சீல் குத்தியதும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்னொரு சர்ச்சில் ஒரு பிரபுவும் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். அவர் காலடியில் ஒரு நாய், அதுவும் கல். அந்த வீட்டில் சமைத்தவள், துவைத்தவள், அவர் மூத்திரச் சட்டியைத் தூக்கியவள் ஒருத்தியையும் காணோம். எழுநூறு வருஷமாக நாய்க்கு இடம் இருக்கிறது. நான் அந்த நாய் மேல் பெரிய ஐயாவின் தெர்மாஸை வைத்தேன். அவர் சத்தம் போட்டார். நான் எடுக்கவில்லை, அவரேதான் எட்டி எடுத்தார்.

டிக்கெட்டைக் கேளுங்கள்.

பிரஷாந்தி


நோர்ஃபோக்
06.08.2024

அக்கா,

பதினாறு நாளாகிறது. பதில் வரவில்லை.

இன்று போன சர்ச்சின் சுவரில், என் இடுப்பு உயரத்தில், சாய்வாக ஒரு துவாரம். குஷ்டரோகிகள் வெளியே நின்று அது வழியாகப் பூசையைப் பார்ப்பார்களாம். பெரிய ஐயா என்னை வெளியே அனுப்பி, கண்ணை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மழையில் குனிந்து நின்று பார்த்தேன். அவர் உள்ளே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "நீங்கள் சாப்பிடுவது தெரிகிறது" என்றேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, தலையை ஆட்டினார்.

எனக்கு வயிறு எரிகிறது, அக்கா. பசியினால் இல்லை.

பிரஷாந்தி


ரோலா
12.08.2024

தங்கச்சி,

சுகம்தானே? எங்களுக்கும் சுகம், மச்சானுக்கு மட்டும் கால் வீங்கியிருக்கிறது.

எனக்கு இனிமேல் சர்ச் கதை எழுதாதே. நாய்க்கு இடம் இருக்கிறது, உனக்கு இடமில்லை என்று எழுதுகிறாயே, என்ன திமிர்? உன் புருஷன் போனபோது கையில் பிள்ளையோடு நின்றவளுக்கு இடம் தேடிக் கொடுத்தது யார்? பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் மழை ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தவளை விமானத்தில் ஏற்றியது யார்? ஒரு தடவையாவது, "அக்கா, உங்களுக்கு எப்படி இருக்கிறது" என்று மனம்விட்டுக் கேட்டிருக்கிறாயா? மச்சானின் கம்பெனியில் மார்ச்சில் நாலு டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெபல் அலியில் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இந்த நேரத்தில் மேனேஜர் முன்னால் போய் டிக்கெட் என்று நிற்கச் சொல்கிறாய்.

நாத்தனாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கொழும்பு வீடு ஒன்றும் நரகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரு, இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அக்கா


நோர்ஃபோக்
30.08.2024

அக்கா,

எந்த இரண்டு வருஷம்?

செப்டம்பரில் போவதாகப் பேச்சு. நான் உங்களிடம் ஒரு டிக்கெட்டைத்தான் கேட்டேன். இரண்டு வருஷம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கடிதம் வந்த நாளிலிருந்து இதையே நினைத்துப் பாத்திரத்தைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே இரண்டு உடைந்தது. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. சர்ச்சுக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா பூ வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து ஆறு சர்ச்சுக்கும் அவர்தான் பூ வைப்பாராம், புத்தகத்தையும் அவர்தான் பார்ப்பாராம். என்னைக் கண்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, "நீங்கள்தான் பிரஷாந்தியா?" என்றார். என் பேரை இந்த நாட்டில் ஒருத்தர் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பித்தளை எதுவோ காணாமல் போய்விட்டதென்றே நினைத்தேன். "நான் எடுக்கல மேடம், போன நேரமும் எழுதியிருக்கேன்" என்றேன்.

அது கேட் புத்தகமே இல்லை, அக்கா. வந்தவர்கள் சர்ச் அழகாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிற புத்தகம். எனக்கு மேலே ஒருத்தர் தேவதைகள் அற்புதம் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நான், பாஸ்போர்ட் மேடத்திடம். ஆறு புத்தகத்திலும் ஒரே வரி. வெட்கத்தில் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு மேடம் லீவு தருகிறாரா, போன் இருக்கிறதா, வெளியே தனியாகப் போக முடியுமா என்று கேட்டார். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. நாற்காலியில் இருந்து பெரிய ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்த நாட்டுச் சட்டப்படி தப்பு என்றார் அந்த அம்மா. துபாயிலும் தப்புத்தானாம். நாலு வருஷமாக இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

பிரஷாந்தி


ரோலா
09.09.2024

பிரஷாந்தி,

சுகம் விசாரிக்க இது நேரமில்லை.

என்ன காரியம் பண்ணிவிட்டாய்! மேனேஜர் சார் மச்சானை ஆபீசுக்குக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "உன் மச்சினி என் பெண்டாட்டியைத் திருடி ஆக்கிட்டா, கலாஸ், முடிஞ்சது, இனி நான் உனக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று கத்தியிருக்கிறார். மச்சான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. யூனிஃபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் ஊராகப் போய்ச் சர்ச் சர்ச்சாக எழுதி வைத்திருக்கிறாய்! நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொல்லாதே. நான் கேட்டில் எழுதச் சொன்னேன், ஊருக்குத் தம்பட்டம் அடிக்கவா சொன்னேன்? மேடத்தின் காலில் விழு. தெரியாமல் எழுதிவிட்டேன், பாஸ்போர்ட்டை நானே பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தேன் என்று அந்தப் பூக்காரியிடம் சொல். அந்த மனுஷி நாளைக்கு வேறு பூ வைக்கப் போய்விடுவாள். நாம்தான் தெருவில் நிற்போம்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா


நோர்ஃபோக்
14.09.2024

சிவகொழுந்து அக்காவுக்கு,

இப்போது அந்தப் பூ வைக்கிற அம்மா வீட்டில் இருக்கிறேன். கடிதத்தின் பின்னால் விலாசம் இருக்கிறது. இங்கே வைஃபை இருக்கிறது. ஆனால் உங்கள் குரலைக் கேட்க என்னால் முடியாது, கேட்டால் கண்டதையும் சொல்லிவிடுவேன். அதனால் கடிதம்.

ஆறாம் தேதி அவர் ஒரு அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேடம் முதலில் டீ போடச் சொன்னாள். நான் போடவில்லை. பிறகு, "இவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்" என்று ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். புது ஒப்பந்தம். மார்ச் பதினான்காம் தேதி. கீழே என் கையெழுத்து. மார்ச் பதினான்காம் தேதி நான் மேடத்தின் சின்ன மகனோடு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

"இது நான் போடல" என்றேன். மேடம் கொஞ்சமும் கூசாமல், "உன் அக்கா துபாய் வீட்டுக்கு வந்து, நீ சம்மதித்ததாகச் சொல்லித் தந்தாள்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மேடம் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது முழுவதும் உங்கள் மேல் திரும்பிவிட்டது.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். என் துணிகளை ஒரு குப்பைப் பையில் கட்டிக்கொண்டு இறங்கும்போது பெரிய ஐயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்படியானால் செவ்வாய்க்கிழமை யார் தள்ளுவது?" இன்னும் பதினொரு சர்ச் பாக்கி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் சொன்னது பொய் என்று எழுதுங்கள். அந்தப் பொய்யை நான் நம்பிக்கொள்கிறேன்.

பிரஷாந்தி


ரோலா
29.09.2024

பிரஷாந்தி,

மேடம் சொன்னது பொய் இல்லை.

நாலு டிரைவரை அனுப்பிய பிறகு ஐந்தாவது பேர் மச்சானுடையது. நான் மேடத்தைப் பார்த்துக் கெஞ்சப் போனேன். அவர், "உன் தங்கை இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் உன் புருஷனும் இருப்பான்" என்றார். பேப்பர் மேசையிலேயே இருந்தது. உன்னிடம் கேட்டால் நீ சம்மதிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சுகந்தாவை நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் போட்டேன், அதையும் மறைக்கவில்லை. மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது, சுகர், இனி யார் வேலை தருவார்கள்? விசா போனால் இந்தக் கட்டிலும் போகும். உன்னிடம் பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். நீ சர்ச்சைப் பற்றி எழுத எழுத எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் கோபப்பட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

மச்சானுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அவர் என்னோடு பேசுவதில்லை.

நீ என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

அக்கா


பொகவந்தலாவை
22.10.2024

அக்கா,

நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். துபாய் வழியாக டிக்கெட் மலிவு என்றார்கள், வேண்டாம் என்று வேறு வழியில் வந்தேன். அந்த மண்ணில் இரண்டு மணி நேரம் உட்காரக்கூட எனக்கு மனமில்லை.

நாத்தனார் சுகந்தாவுக்குப் புதுச் சட்டை தைத்து, பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். தீபாவளி வரை பொறுக்கவில்லை, கொழும்பு வேன் ஞாயிற்றுக்கிழமையே வருவதாக இருந்தது. நான் சனிக்கிழமை வந்தேன். வேன்காரனை வாசலிலேயே நிறுத்தி நான் பேசிய பேச்சில் அந்த லயமே வெளியே வந்துவிட்டது. சுகந்தா பெட்டியை அவிழ்த்துவிட்டு ஸ்கூலுக்குப் போகிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. நாலு வருஷத்துக் கோபம் அவளுக்கும் இருக்கத்தானே செய்யும்.

திட்டி எழுதச் சொன்னீர்கள். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மச்சான் வேலையைப் பற்றி நீங்கள் என்னிடம் நேரே சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த முடியாதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது, அக்கா. அதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கையெழுத்தை நான் உற்றுப் பார்த்தேன். அச்சு அசலாக என்னுடையது, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை தடவை எழுதிப் பழகினீர்கள்?

பிரஷாந்தி


ரோலா
14.11.2024

பிரஷாந்தி,

நீயும் சுகந்தாவும் சுகமாக இருங்கள்.

மச்சானின் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்கிறோம். உன் வீட்டுப் பக்கம் வந்து நிற்க மாட்டோம், பயப்படாதே.

நீ கேட்டதற்கு நாலு நாளாகப் பதில் எழுதப் பார்க்கிறேன். பழகவில்லை. நீ ஸ்கூலை விட்டு நின்ற வருஷம் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சிலேட்டை வைத்து, உன் கையைப் பிடித்து உன் பேரை எழுத வைத்தது நான்தான். உன் எழுத்து என் எழுத்துதான். மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றபடியே ஒரே தடவையில் போட்டேன். கை நடுங்கவே இல்லை.

சிவகொழுந்து